ஒரு ஐஎஸ்பில இருந்து மட்டும் சர்வர் வரல, பியரிங் இல்லன்னா நெட் ரெண்டா பிரிஞ்சிடுமா?

வழிப்போக்கன்:
மூணு நாளா மண்டை காயுது. என் சர்வர் டேட்டா சென்டர்ல நல்லா ஓடிட்டு இருக்கு, ஆனா வீட்டு பிராட்பேண்ட்ல இருந்து ஐபிவி6ல (புது வகை ஐபி முகவரி) திறக்கவே மாட்டேங்குது, மொபைல் டேட்டாக்கு மாறினா பட்டுனு வந்துடுது. ட்ரேஸ்ரூட் (பாக்கெட் எந்த வழியா போகுதுன்னு காட்டற கமாண்ட்) போட்டா நாலாவது ஹாப், அதாவது நாலாவது ரூட்டர் வரை போகுது, அப்புறம் பதிலே வராம வெறும் ஸ்டார் தான். ரெண்டு பக்கமும் கேட்டாச்சு, "எங்க பக்கம் எல்லாம் சரி"ன்னு தான் பதில். சப்போர்ட்ல ஒருத்தர் மட்டும் "உங்க ஐஎஸ்பியோட அப்ஸ்ட்ரீமும் (மேல இருந்து இணைப்பு தர்ற நெட்வொர்க்) எங்க அப்ஸ்ட்ரீமும் பியர் பண்றதில்ல, அதாவது நேரடியா டிராஃபிக் மாத்திக்கறதில்ல"ன்னார். அப்படியெல்லாம் நடக்குமா? எல்லாரையும் எல்லாரோடயும் இணைச்சே ஆகணும்னு ரூல் எதுவும் இல்லையா?

கேபிள்கட்டு:
நடக்கும்ங்க. எங்கயும் போகலாம்னு யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்கல, எல்லா இடத்துக்கும் வழி இருக்குன்னா யாரோ ஒருத்தர் டிரான்சிட்டுக்கு (இன்னொரு நெட்வொர்க் வழியா மத்த எல்லா இடத்துக்கும் போற வசதி) காசு கட்டிட்டு இருக்காங்கன்னு அர்த்தம். பியரிங்ல என்னன்னா, நான் என்னோட ரூட்டையும் என் கஸ்டமர் ரூட்டையும் மட்டும் தான் பியருக்கு பிஜிபில (நெட்வொர்க்குங்க ஒண்ணுக்கொண்ணு வழி சொல்லிக்கற முறை) அறிவிப்பேன், இன்னொரு பியர்கிட்ட வாங்கின ரூட்டை தர மாட்டேன். ஏ-யும் பி-யும் பியர், பி-யும் சி-யும் பியர்னு வைங்க, ஏ-லேருந்து சி-க்கு பி வழியா போக முடியாது, ஏன்னா ரெண்டு பக்கமும் காசு வராம பி எதுக்கு சும்மா சுமக்கணும்? சின்ன ஐஎஸ்பின்னா மேல காசு கொடுத்து வழி வாங்கிப்பான். ஆனா உச்சில இருக்கற டயர் 1 யார்கிட்டயும் டிரான்சிட் வாங்க மாட்டான், அங்க ரெண்டு பேர் முறைச்சுக்கிட்டா சுத்திப் போக வழியே கிடையாது.

பழையரூட்டர்:
2005 அக்டோபர் 5 அன்னிக்கு லெவல் 3ங்கற பெரிய நெட்வொர்க் கம்பெனி, கோஜென்ட்ங்கற இன்னொரு பெரிய நெட்வொர்க்கோட பியரிங்கை அறுத்துச்சு, காசில்லாம மாத்திக்கற அளவுக்கு சமமான டிராஃபிக் இல்லன்னு வாதம். இந்தப் பக்கம் ஒரே லைன் வச்சிருந்தவங்களுக்கு அந்தப் பக்கத்து ஒரே லைன்காரங்க காணாமலே போயிட்டாங்க, வயரெல்லாம் நல்லா தான் இருந்துச்சு. ஒரு சில நாள்ல திரும்ப இணைச்சாங்க, அந்த மாசக் கடைசில தான் ஒப்பந்தம் ஆச்சு. 2008ல ஸ்பிரிண்ட்டும் கோஜென்ட்டும் இதே மாதிரி. ஐபிவி6லயும் இதே கதை தான், 2009ல ஹரிகேன் எலக்ட்ரிக்ங்கற நெட்வொர்க் "எங்களோட பியர் பண்ணுங்க"ன்னு கேக்ல எழுதி கோஜென்ட்ட கேட்டுச்சு, அப்பவும் இறங்கி வரல. உங்க கேஸ்ல யார் யாருன்னு பாக்காம நான் பேர் சொல்ல மாட்டேன்.
இன்னொன்னு, பாக்கெட் கிளியரிங் ஹவுஸ்ங்கற அமைப்பு 2011ல ஒரு லட்சத்துக்கும் மேல பியரிங் ஒப்பந்தங்கள பாத்தாங்க, அதுல 99.5 சதவீதம் காகிதமே இல்லாம பேச்சுல முடிஞ்சது. அவ்வளவு நம்பிக்கைல ஓடுற விஷயம் இது, எனக்கு அதுமேல பெரிய மரியாதை உண்டு, அதனால தான் கஸ்டமரை பணயமா வச்சு ஒருத்தர் அறுக்கறப்ப கோவம் வருது.

கேபிள்கட்டு:
ரெண்டு அப்ஸ்ட்ரீமோட லுக்கிங் கிளாஸ்லயும் (அவங்க ரூட் டேபிளை வெளில இருந்து பாக்கற வெப் பேஜ்) உங்க ப்ரிஃபிக்ஸை, அதாவது சர்வரோட ஐபி முகவரித் தொகுப்பை போட்டுப் பாருங்க. ஒண்ணுல ரூட் இருந்து இன்னொண்ணுல "நெட்வொர்க் நாட் இன் டேபிள்"னு வந்தா சந்தேகமே வேண்டாம். ஹோஸ்டிங்ல ரெண்டாவதா ஒரு டிரான்சிட் சேர்க்கச் சொல்லுங்க, அது தான் தீர்வு. அதுவரைக்கும் டிஎன்எஸ்ல குவாட் ஏ ரெக்கார்டை (ஐபிவி6 முகவரியைச் சொல்ற பதிவு) எடுத்துட்டா எல்லாரும் பழைய ஐபிவி4ல வந்துடுவாங்க.

வழிப்போக்கன்:
பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியே ஒரு பக்கம் டேபிள்லயே இல்ல. குவாட் ஏ எடுத்துட்டேன், வீட்டுலேருந்து இப்ப திறக்குது. ரெண்டு லுக்கிங் கிளாஸ் அவுட்புட்டையும் டிக்கெட்ல ஒட்டி அனுப்பினதும் தான் நெட்வொர்க் டீம்கிட்ட போயிருக்கு, இவ்வளவு நாள் ரூட்டரை ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டே இருந்தாங்க.