25 வருடப் புகை: கொடுத்த காசுக்குத் தகுமா?

ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் 25 வருடம் பீப்பாயில் கிடந்த பீட் விஸ்கி ஒன்றைப் போன மாதம் குடிக்கக் கிடைத்தது. பீட் என்றால் சதுப்பு நிலத்து மக்கிய கரி, அதன் புகை ஏறிய சிங்கிள் மால்ட், அதாவது ஒரே ஆலையில் வடித்த மால்ட் விஸ்கி. முழு பாட்டில் எல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது, ஏழு பேர் சேர்ந்து 700 மில்லியைப் பங்கு போட்டோம். என் பங்கு 100 மில்லி, அளந்து குடித்தால் நாலு தடவைக்கு வரும். பெயர் வேண்டாம், சொன்னால் பேச்சு முழுக்க அதன் பின்னாலேயே போய்விடும்.

முதல் வாய் குடித்ததும் பகீரென்றது. புகையே இல்லை! எனக்குப் பழகியது லஃப்ராய்க் 10, ஆர்ட்பெக் 10, இரண்டும் பத்து வருடத்து ஐலா விஸ்கிகள். மூடியைத் திறந்ததும் டிஞ்சர் பாட்டில் உடைந்த மாதிரி அறையே மணக்கும். இதிலோ கொஞ்சம் எலுமிச்சைத் தோல், மெழுகு, ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த தோல் பெட்டியின் வாடை, எங்கோ தள்ளி அணைந்துபோன நெருப்பு. இதற்கா இவ்வளவு என்று தோன்றியது.

யோசித்துப் பார்த்தால் தப்பு என்னுடையதுதான். பீட் விஸ்கிக்கு வயது ஏற ஏறப் புகை அடங்கும், மரம் மேலே வரும். புகைக்குக் காரணமான ஃபீனால்கள் ஏறக்குறைய எல்லாமே பீட் கட்டியை எரித்து மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியைக் காய வைக்கும்போது ஏறுபவை. 50 பிபிஎம், 55 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு ஃபீனால்) என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதுகூடப் பொதுவாக அந்த மால்ட்டில் அளந்த கணக்குதான், பாட்டிலுக்குள் வந்து சேர்வது அதில் சின்னப் பங்கு. அதுவும் 25 வருடத்தில் இன்னும் தணிந்துவிடுகிறது. ஆக, புகைக்காக மட்டும் குடிப்பவர் வயதுக்குக் காசு கொடுப்பது, காரத்துக்காக மிளகாய் வாங்கி விதையை எடுத்துப் போடுவது மாதிரி.

அப்படியானால் எதற்குத்தான் அந்த விலை? ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகும் என்பார்கள், தேவதைகளின் பங்கு என்று அதற்குப் பெயரே உண்டு. 25 வருடம் கூட்டிப் பாருங்கள், ஊற்றியதில் கிட்டத்தட்ட 40 சதவீதம் காலி. கிடங்கில் இடம், முடங்கிக் கிடந்த பணம், மரம் ஏறிக் கசந்து வீணான மற்ற பீப்பாய்கள், எல்லாவற்றையும் மிச்சம் இருப்பதன் தலையில்தான் கட்ட வேண்டும். விலை நியாயமாகவே இருக்கலாம், ஆனால் என் நாக்குக்கு அந்தக் கணக்கு தெரியாதே.

இரண்டாம் தடவை அவசரப்படவில்லை. ஊற்றி அரை மணி நேரம் விட்டேன். வாயை லேசாகத் திறந்துகொண்டு மோந்தேன், அப்போது சாராய நெடி மூக்கைச் சுடாது. அப்புறம் கால் ஸ்பூன் தண்ணீர். 2017-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணினி மாதிரி வைத்துச் சொன்னது இது: தண்ணீர் சேர்க்கும்போது புகை வாசனை தரும் குவையகால் திரவத்தின் மேற்பரப்புக்கு வந்து சேர்கிறதாம். என் கிளாஸில் புகை கொஞ்சம் எழுந்தது உண்மை, ஆய்வைப் படித்த மனசு செய்த வேலையாகவும் இருக்கலாம்.

மூன்றாம் தடவை மனைவியிடம் சொல்லி, பத்து வருடத்தது ஒன்று, லகவூலின் 16 (இதுவும் ஐலாதான், 16 வருடம்), இந்த 25 வருடக் கிழவர், மூன்றையும் மாற்றி மாற்றி ஊற்றித் தரச் சொன்னேன். கிழவரை உடனே கண்டுபிடித்துவிட்டேன், வாசனையால் அல்ல. பத்து அறைந்துவிட்டு ஓடிவிட்டது. இது விழுங்கி ஐந்து நிமிடம் கழித்தும் தொண்டையில் உப்பும் இனிப்பும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தது. ஆனால் இன்னொரு கிளாஸ் வேண்டும் என்று கை போனது லகவூலினுக்குத்தான். பங்கு கிடைத்தால் திரும்பவும் சேருவேன், பாட்டிலாக வாங்க மாட்டேன்.

கடைசி 25 மில்லி குட்டி பாட்டிலில் பத்திரமாக இருக்கிறது.

*

நண்பரே, பத்திரப்படுத்தாதீர்கள், சீக்கிரம் குடியுங்கள். நல்ல பீட் விஸ்கி ஒன்றை விசேஷத்துக்கு என்று கால் பாட்டில் மிச்சம் வைத்து இரண்டு வருடம் கழித்துத் திறந்தேன், புகை போய் ஈர அட்டைப்பெட்டி வாசனைதான் மிச்சம். பாட்டிலில் காற்று அதிகமானால் முதலில் சாவது புகைதான் என்பது என் அனுபவம்.

*

என் கதை வேறு. அப்பா அலமாரியில் 90-களில் வாங்கிய பத்து வருட ஐலா ஒன்று சீல் உடையாமல் இருந்தது. இப்போது அதற்கு 40 வயது, லாட்டரிதான் என்று நினைத்தேன். பாட்டிலில் அடைத்ததோடு வயது நின்றுவிடுகிறது என்று ஒருவர் சொல்லித்தான் தெரியும். விற்கலாம் என்றால், மட்டம் தோள் வரை இறங்கியிருந்தது, ரசீதும் இல்லை. வாங்க வந்தவர் தயங்கினார், அவரைக் குறை சொல்ல முடியாது. 2018-ல் ஸ்காட்லாந்து ஆய்வகம் ஒன்றில் அரிய விஸ்கி என்று சொல்லப்பட்ட 55 பாட்டில்களை வயது கண்டுபிடிக்கும் கார்பன் சோதனை செய்ததில் 21 போலி, அல்லது சொன்ன வருடத்தில் வடிக்காதவை. கடைசியில் நாங்களே திறந்தோம், கார்க் பொடிந்து உள்ளே விழுந்துவிட்டது. துணியில் வடிகட்டிக் குடித்தோம், அருமை!

*

முதல் பதிவு போட்டவன்தான். பயமுறுத்திவிட்டீர்கள், நேற்றே முடித்துவிட்டேன். கிளாஸைக் கழுவச் சோம்பலாக இருந்ததால் அப்படியே வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் எடுத்து மோந்தால், அடியில் காய்ந்து ஒட்டியிருந்த அந்த மஞ்சள் வட்டத்திலிருந்து குப்பென்று புகை, மழையில் நனைந்த சாம்பல் மாதிரி. முதல் நாள் தேடினேனே, அதே புகை.