பிஎஸ்-6 டீசல் கார்: டிபிஎஃப்பைக் கழற்றலாமா?

வண்டிப்பித்தன்:
ஊருக்குள்ளேயே ஓடுற டீசல் காருக்கு டிபிஎஃப், அதாவது புகையில வர்ற கரியைப் பிடிக்கிற வடிகட்டி, தொல்லைதான். நாலு கிலோமீட்டர் ஓடி நிறுத்தினா சைலன்சர்ல சூடே ஏறாது, சேர்ந்த கரி எரியாம மஞ்சள் எச்சரிக்கை விளக்குதான் எரியும். உள்ளே இருக்கிற பீங்கான் வடிகட்டியைக் குடைஞ்சு எடுத்துட்டு என்ஜினைக் கட்டுப்படுத்துற கணினியான ஈசியூவுல மேப்பை, அதாவது அதோட நிரலை, மாத்தினா போதும். புகைப் பரிசோதனையிலயும் பாஸ் ஆகுதே, அப்புறம் என்ன?

கரித்துகள்:
அந்தப் பரிசோதனைக் கருவி புகை எவ்வளவு ஒளியை மறைக்குதுன்னுதான் பார்க்கும் நண்பரே. நுரையீரலோட அடி வரைக்கும் போற நுண்துகள் அதுல சிக்காது. அதனாலதான் பிஎஸ்-6 மாசு விதியில கிலோமீட்டருக்கு 4.5 மில்லிகிராம்னு எடை வரம்பு மட்டும் இல்லாம, 60,000 கோடி துகள்னு எண்ணிக்கை வரம்பும் இருக்கு. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012லயே சொல்லிடுச்சு. வடிகட்டி சரியா இருக்கிற வண்டியில, ஆறின சைலன்சர் வாய்க்குள்ள விரலை விட்டுத் தடவிப் பாருங்க, கரி ஒட்டாது. நீங்க குடைஞ்சு எடுத்தா அந்தக் கரி பின்னாடி பைக்ல வர்ற குழந்தை மூக்குக்குத்தான் போகும்.

வண்டிப்பித்தன்:
சரி, என்ஜினுக்கு ஆகுற கேட்டுக்கு என்ன சொல்றீங்க? கரியை எரிக்க 600 டிகிரி சூடு வேணும். அதுக்காக இஞ்செக்டர் கடைசியில கூடுதலா டீசல் விடும். பாதியில வண்டியை அணைச்சு அணைச்சு எடுத்தா அந்த டீசல் சிலிண்டர் சுவர் வழியா ஆயில்ல இறங்குது. டிப்ஸ்டிக்ல ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிக்கும், முகர்ந்தா டீசல் வாடை. பேரிங் போனா யார் பொறுப்பு?

கரித்துகள்:
உண்மைதான், ஆயிலை உடனே மாத்தணும். ஆனா விளக்கு எரிஞ்ச அன்னைக்கே பைபாஸ்ல ஒரு கியர் குறைச்சு, 2,000 ஆர்பிஎம்முக்கு மேல 20 நிமிஷம் ஓட்டினா பெரும்பாலும் கரி தானா எரிஞ்சிடும். நடுவுல அணைக்காதீங்க. முடிஞ்சதும் காய்ஞ்ச புல் மேல நிறுத்தாதீங்க.

ஸ்பேனர்:
ரெண்டு பேரும் சாம்பலை மறந்துட்டீங்க. கரி எரியும், சாம்பல் எரியாது. அது என்ஜின் ஆயில்ல இருக்கிற கால்சியம், துத்தநாகத்தோட மிச்சம். கையேட்டுல சொன்ன சாம்பல் குறைஞ்ச ஆயிலை விட்டுட்டு மலிவா ஒண்ணை ஊத்தினா சீக்கிரம் அடைஞ்சிடும். அடைஞ்சா கழற்றி எடை போட்டு, புகை வெளியேறுற பக்கத்திலிருந்து காற்றடிச்சு, மறுபடி எடை போடுங்க. ஆசிட் வேண்டாம், பிளாட்டினம் பூச்சு போயிடும். அதுக்கும் முன்னாடி, வடிகட்டி எவ்வளவு அடைஞ்சிருக்குன்னு கணிக்கிற அழுத்த சென்சாருக்குப் போற ரெண்டு ரப்பர் குழாயையும் பாருங்க. விரிசல் இருந்தா அளவு தப்பாக் காட்டும். புகையில ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்கு அனுப்புற இஜிஆர் வால்வு சிக்கியிருந்தாலோ இஞ்செக்டர் ஒழுகினாலோ புது வடிகட்டியும் அடையும்.

வண்டிப்பித்தன்:
குழாய் விஷயம் சரி, கழற்றச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா தினம் பத்து கிலோமீட்டர் கூட ஓட்டாதவருக்கு ஷோரூம்ல டீசலைத் தள்ளிவிடுறாங்களே, அவருக்குப் பெட்ரோல்தான் சரின்னு அங்கேயே சொல்லியிருக்கணும்.