வாத்துக் குஞ்சு நிற்க மாட்டேன் என்கிறது, வளர்த்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கும்பகோணம் பக்கம் அறுத்த வயலில் வாத்து மேய்க்க வந்தவரிடம் ஆறு குஞ்சுகள் வாங்கினேன். இன்றோடு 9 நாள். அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, 60 வாட் குண்டு பல்பு தொங்கவிட்டு, கோழிக்குஞ்சுத் தீவனத்தைக் குழைத்து வைக்கிறேன். ஒவ்வொரு வாய்க்கும் ஓடிப்போய்த் தண்ணீரில் அலகை முக்குவதால் விடிவதற்குள் உமி சேறாகிவிடுகிறது. அதுகூடப் பரவாயில்லை. ஒரு குஞ்சு மட்டும் நேற்றிலிருந்து காலை மடக்கி, உட்கார்ந்தபடியே நகர்கிறது. கோழியைவிட வாத்துக்கு நியாசின் (வைட்டமின் பி3) அதிகம் வேண்டுமாம். அதற்காகத் தீவனத்தில் ஈஸ்ட் கலக்கலாமா, எவ்வளவு? அப்புறம், தாய் இல்லாத குஞ்சுகளை எத்தனை நாளில் நீந்த விடலாம்? பையன் தினமும் வாளியோடு வந்து நிற்கிறான்.