மறு: மான் வேட்டையில் 'பெய்ட்': இரையா, கவர்தீனியா?

> மீன் தூண்டிலில் கோப்பதை இரை என்கிறோமே. மான் வேட்டைக்கும் 'இரை வைத்தல்' போதாதா?

வணக்கம். வேட்டையில் மானை ஈர்க்க வைக்கும் தீனியை ஆங்கிலத்தில் 'பெய்ட்' (bait) என்பார்கள். அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

தூண்டிலுக்குச் சரிதான். மானிடம் வரும்போது இடிக்கிறது. மானே புலிக்கு இரை. 'மான் இரை' என்று எழுதினால் தின்னும் மானா, தின்னப்படும் மானா என்று படிப்பவர் தடுமாறுவார்.

'பார்வை' என்று ஒருவர் சொல்லியிருந்தார். அருமையான பழஞ்சொல். புறநானூறு 320இல் 'பார்வை மடப்பிணை' வருகிறது. ஆனால் அது மற்ற மான்களை ஈர்க்க வேடன் பழக்கி நிறுத்தும் மான். 'டிகாய்' (decoy) என்பதற்கே அதை வைத்துக்கொள்வோம்.

என் பரிந்துரை கவர்தீனி. வினைத்தொகை என்பதால் நடுவில் 'த்' மிகாது.

அமெரிக்க மாநில விதிகளை மொழிபெயர்க்கும்போதுதான் இந்தச் சொல்லின் தேவை எனக்குப் புரிந்தது. மிச்சிகனில் மான் வேட்டைக்காகவே கேரட்டும் சர்க்கரை பீட்டும் (sugar beet) மூட்டை மூட்டையாகப் பெட்ரோல் நிலையங்களில் விற்கிறார்கள். பல மான்கள் ஒரே குவியலில் வாய் வைக்கும்போது எச்சில் வழியே மான்களைக் கொல்லும் மெலிவு நோய் (CWD) பரவும். அதனால் அம்மாநிலத்தின் கீழ்த் தீபகற்பத்தில் 2019 முதல் தடை, மாற்றுத்திறனாளிகளுக்குச் சில விலக்குகளுடன். மேல் தீபகற்பத்தில் பொதுவாக ஓரிடத்தில் 2 கேலன் வரை போடலாம். அதையும் குவிக்காமல் 10 அடிக்கு 10 அடி பரப்பில் இறைக்க வேண்டும்.

விஸ்கான்சினில் வேட்டைக்கு வைப்பதும், வீட்டருகே வேடிக்கை பார்க்க வைப்பதும் வேறு வேறு. இரண்டும் அதே மக்காச்சோளம்தான்! பிரிப்பது நோக்கம் மட்டுமே. முன்னது கவர்தீனி, பின்னது வெறும் தீனி. 'இரை' என்று போட்டால் இந்தக் கோடு அழிந்துவிடும்.

ஒரு சிக்கல் உண்டு: உப்புக்கட்டி. மான் நக்கும், ஆனால் அது தீனியா? மின்னசோட்டா விதிப்படி உணவு கலக்காத உப்பு 'பெய்ட்' ஆகாது, விஸ்கான்சினில் ஆகும். ஆகவே பொதுப்பெயராகக் 'கவர்பொருள்' என்பதையும் பட்டியலில் சேர்க்கலாம். மின்னசோட்டா உப்பு கவர்பொருள், கவர்தீனி அல்ல. விஸ்கான்சின் விதியில் 'பெய்ட்' உப்பையும் சேர்த்துக் குறிப்பதால், அதை மொழிபெயர்க்கும்போது மட்டும் 'பெய்ட்' என்பதைக் கவர்பொருள் என்றே எழுதிவிடலாம்.

வினைச்சொல்லுக்குக் 'கவர்தீனி வைத்தல்' எனக்குப் பிடித்திருக்கிறது. 'இடல்' கொஞ்சம் விறைப்பாகத் தெரிகிறது. உங்களுக்கு எப்படிப் படுகிறது?