பொருள்: பஃபர்புளோட் – இடையக வீக்கமா, சுமைச் சுணக்கமா?

> இணைப்பு வாங்குவோருக்கான கையேட்டில் பஃபர்புளோட்டுக்கு, அதாவது ரௌட்டர் போன்ற கருவியில் தரவு அளவுமீறித் தேங்கி இணைப்பு சுணங்குவதற்கு, ‘இடையக வீக்கம்’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துகிறதா?

சொல்லமைப்பில் குறையில்லை. பஃபருக்கு, அதாவது தரவு தன் முறைக்காக வரிசையில் நிற்கும் நினைவகத்துக்கு, இடையகம் என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. ஆனால் வீக்கம் என்றதும் மின்கலம் வீங்குவதுபோல் கருவியே பழுது என்று வாசகர் நினைத்துவிடுவார். அவர் காண்பது வேறு: வீட்டில் ஒருவர் படங்களைப் பதிவேற்றத் தொடங்கியதும் இன்னொருவரின் காணொளி அழைப்பு திக்குகிறது, வேகச் சோதனையோ 100 மெகாபிட்டை முழுதாகக் காட்டுகிறது.

கணக்கு எளிது. ரௌட்டரில் 1 மெகாபைட் தரவு வரிசையில் நிற்கிறது, அதாவது 8 மெகாபிட். பதிவேற்ற வேகம் நொடிக்கு 10 மெகாபிட் என்றால் அது வடிய 0.8 நொடி ஆகும். பின்னால் வரும் குரல் பொதியும் (குரலைச் சுமந்துவரும் தரவுத் துண்டு) அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். ஒருவழிச் சுணக்கம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் ஜி.114 பரிந்துரை. இங்கே 800! ஆகவே ‘சுமைச் சுணக்கம்’ என்பது என் முன்மொழிவு.

---

> ஆகவே ‘சுமைச் சுணக்கம்’ என்பது என் முன்மொழிவு.

சொல் நன்று, ஆனால் பஃபர்புளோட்டுக்கு நேர்ச்சொல் ஆகாது. வைஃபை நெரிசலாலும் சுமையின்போது சுணக்கம் கூடும். அதில் இடையகத்துக்குப் பங்கே இல்லாமலும் இருக்கலாம். இடையக வீக்கம் காரணம், சுமைச் சுணக்கம் விளைவு. இரண்டையும் தனித்தனியே பதியலாம்.

விளைவை அளக்க முடியும் என்பதால் கையேட்டில் அதுவே முன்னால் வரட்டும். கணினியைக் கம்பியில் இணைத்து, வேறு எதுவும் ஓடாதபோது பிங் (ஒரு பொதி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சோதனை) எடுக்க வேண்டும். பிறகு பெரிய கோப்பொன்றைப் பதிவேற்றிக்கொண்டே மறுபடி பிங், தரவிறக்கத்துக்கும் அப்படியே. முதலில் 15, சுமையில் 300 மில்லிநொடி என்றால் சுமைச் சுணக்கம் 285. கம்பியில் சரியாக இருந்து வைஃபையில் மட்டும் எகிறினால் திட்டத்தை மாற்றிப் பயனில்லை. ரௌட்டரின் இடத்தையோ அலைவரிசையையோ மாற்ற வேண்டும்.

---

இரு பதிவுகளுக்கும் சம்மதம். தீர்வையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் கூடுதல் வேகத் திட்டமே மருந்து என்று வாசகர் முடிவுகட்டுவார். அதே 1 மெகாபைட் வரிசை 100 மெகாபிட் பதிவேற்றத்தில் 80 மில்லிநொடியில் வடிந்துவிடும், உண்மைதான். ஆனால் வேகம் கூடிய கருவியில் இடையகமும் பெரிதாக இருந்தால் கதை பழையபடிதான்.

வரிசை நீளாமல் ரௌட்டரே பார்த்துக்கொள்ளும் எஸ்கியூஎம் வசதி இருந்தால், அதில் வேக வரம்பை அளந்த வேகத்தில் 90 விழுக்காடு அளவில் வைத்துத் தொடங்கலாம். முழு வேகத்தையே எழுதினால் வரிசை மோடமுக்குப் போய்விடும், கட்டுப்பாடு கையில் நிற்காது. பதிவேற்றம், தரவிறக்கம் இரண்டுக்கும் தனித்தனி எண். திட்டத்தை உயர்த்திய பின் இந்த எண்ணை மாற்ற மறந்தால் பழைய வேகமே கிடைக்கும். வீண் புகார்களில் இதுவும் ஒன்று. மலிவான ரௌட்டர்களில் செயலி திணறி மொத்த வேகமே இறங்குவதும் உண்டு.

பதிவுக்கு என் வரைவு:

சுமைச் சுணக்கம்: இணைப்பு நிரம்பியிருக்கும்போது பொதியின் போய்வரும் நேரம், ஓய்வு நேர அளவைவிடக் கூடும் அளவு, மில்லிநொடியில்.

இடையக வீக்கம்: அளவுக்கு மீறிய இடையகத்தில் பொதிகள் தேங்கிச் சுமைச் சுணக்கத்தை உண்டாக்கும் நிலை.

‘ஓய்வு நேரம்’ இரவு நேரம் என்று படிக்கப்படுமோ என்ற ஐயம் மட்டும் இருக்கிறது. ‘வெற்று இணைப்பு’ என்று மாற்றலாமா?