செகண்ட் ஃபோனா குட்டி பட்டன் ஃபோன் வாங்கலாமா? கடலூர் பாண்டி ஆளுங்க சொல்லுங்க

முதுநகர்வாசி:
வணக்கம் மக்களே, ரெண்டாவது ஃபோனா ஒரு சின்ன பட்டன் ஃபோன் வாங்கலாம்னு இருக்கேன். வேல சிப்காட்ல, கேட்லயே கேமரா ஃபோன வாங்கி வெச்சிடுவாங்க, ஷிஃப்ட் முடியற வரைக்கும் வீட்லேர்ந்து யாரும் கூப்ட முடியாது, அம்மாவுக்கு சுகர் வேற, அதான் பயமா இருக்கு. இன்னொன்னு, பேங்க்ல குடுத்திருக்கற நம்பர தனி ஃபோன்ல போட்டுட்டா சேஃப்னு சொல்றாங்க. ஃபெஞ்சல் புயல் அப்ப எங்க தெருவுல கரண்ட் போயி எல்லார் ஃபோனும் ஆஃப் ஆயிடுச்சு, எதுத்த வூட்டு பெரியப்பாவோட பட்டன் ஃபோன் மட்டும்தான் ஓடுச்சு, தெருவே அதுலதான் பேசுச்சு. என்கிட்ட ஜியோ ஒண்ணு, ஏர்டெல் ஒண்ணு இருக்கு, பேங்க் நம்பர் ஏர்டெல். தீப்பெட்டி சைஸ்ல ஒண்ணு விக்கறாங்களே, அது எப்படி? பாக்கெட்ல இருக்கறதே தெரியாதுங்கறாங்க.

நெல்லித்தோப்பு செல் சர்வீஸ்:
ப்ரோ, ஃபோன் எதுன்னு அப்புறம் பாக்கலாம், அதுல எந்த சிம் போகப்போவுதுன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. ஜியோவுக்கு 2ஜி கெடையவே கெடையாது, சாதா 2ஜி ஃபோன்ல ஜியோ சிம் போட்டா சிக்னலே வராது. எங்க கடைக்கு புது ஃபோன எடுத்துக்கினு வந்து ரிப்பேர்னு குடுக்கறவங்கள்ல பாதிப்பேருக்கு இதான் பிரச்சன, ஃபோன்ல ஒண்ணுமே இருக்காது. ஜியோ போடணும்னா 4ஜி பட்டன் ஃபோன், வோல்ட்இ (4ஜிலயே கால் பேசற வசதி) இருக்கணும். ஜியோபாரத்ல ஜியோ சிம் மட்டும்தான் எடுக்கும், அதையும் கணக்குல வெச்சுக்கங்க. ஏர்டெல்னா 2ஜி இன்னும் ஓடுது, நோக்கியா 105 மாதிரி போதும். அதுலயும் 2023ல வந்த 105 வெறும் 2ஜி, பேட்டரி 1000 எம்ஏஎச், அதே வருஷம் வந்த 106 4ஜில 1450. நம்பர் ஒண்ணுதான் மாறுது, பாக்கவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும், டப்பால 4ஜின்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க. இன்னும் நாலஞ்சு வருஷம் வெச்சிருக்கப் போறீங்கன்னா 4ஜி எடுத்துடறதுதான் நல்லது, 3ஜிய ஏர்டெல் மூடி வருஷமாச்சு, 2ஜி எவ்ளோ நாளைக்குன்னு யார் கண்டா.

தீப்பெட்டி ஃபோன் வேணவே வேணாம். அந்த பேட்டரி ஒரு நாள் தாங்கறதே பெருசு, ஸ்பீக்கர்ல பஸ் ஸ்டாண்ட்ல நின்னா ஒண்ணும் கேக்காது. அதவிட முக்கியம் ஐஎம்இஐ, அதாவது ஒவ்வொரு ஃபோனுக்கும் தனியா இருக்கற அடையாள நம்பர். *#06# அடிச்சா வர 15 நம்பர, கேஒய்எம்னு இங்கிலீஷ்ல போட்டு ஒரு ஸ்பேஸ் விட்டு 14422க்கு மெசேஜ் அனுப்புங்க, எந்தக் கம்பெனி எந்த மாடல்னு பதில் வரும். நெறைய குட்டி ஃபோன்ல நம்பர் ஒண்ணு இருக்கும், ஆனா அது வேற ஏதோ ஃபோனோடது, இல்லன்னா சும்மா போட்டது. பில் இல்லாம செகண்ட் ஹேண்ட் வாங்கறதா இருந்தாலும் சண்டே மார்க்கெட்லயே நின்னு இத ஒரு தடவ பண்ணிட்டு காசு குடுங்க, திருட்டுன்னு புகார் குடுத்து பிளாக் பண்ண ஃபோனா இருந்தா அதுலயே காட்டிடும்.

ஷிஃப்ட் இன்சார்ஜ்:
தம்பி, நானும் சிப்காட்தான், அதனால கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். கேமரா இல்லாத ஃபோன்னா கேட்ல விட்டுடுவாங்க, சரி, ஆனா சால்வென்ட் (சீக்கிரம் ஆவியாகி தீப்பிடிக்கற கெமிக்கல்) ஓடற ஏரியாக்குள்ள அதயும் எடுத்துட்டுப் போகாதீங்க. கேமராவ தடுக்கறது ரகசியத்துக்காக, ஃபோனையே தடுக்கறது தீக்காக, ரெண்டும் வேற வேற. பட்டன் ஃபோன் கீழ விழுந்தா என்ன ஆவும்னு பாத்திருப்பீங்க, பின் மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம்னு தெறிக்கும், அந்தப் பேட்டரி பின்னுலேர்ந்து கழல்ற நேரத்துல ஒரு பொறி வந்தா காத்துல வேப்பர் இருக்கற எடத்துல அதுவே போதும். அந்த எடத்துக்குன்னே சர்ட்டிஃபிகேட் வாங்குன ஃபோன் தனியா இருக்கு, வெல ரொம்ப அதிகம், கம்பெனிதான் வாங்கிக் குடுக்கணும். நீங்க ஃபோன கேன்டீன்லயோ டைம் ஆஃபீஸ்லயோ வெச்சுட்டு, கேட் ஆஃபீஸ் லேண்ட்லைன் நம்பர அம்மாகிட்டயும் பக்கத்து வீட்லயும் எழுதிக் குடுங்க. அவசரம்னா அதுதான் சீக்கிரம் கெடைக்கும்.

வில்லியனூர் அக்கா:
பேங்க் நம்பர தனி ஃபோன்ல போடறது ரொம்ப நல்ல விஷயம் தம்பி, தயவுசெஞ்சு பண்ணுங்க. கல்யாணப் பத்திரிகைன்னும் டிராஃபிக் ஃபைன்னும் வாட்ஸப்ல ஏபிகே ஃபைல் (ஆப் இன்ஸ்டால் பண்ற ஃபைல்) அனுப்பறாங்க இல்ல, அத இன்ஸ்டால் பண்ணிட்டா நம்ம ஃபோனுக்கு வர ஓடிபிய அவங்களே படிச்சுடுவாங்க. எங்க சொந்தத்துலயே ஒருத்தருக்கு சேத்து வெச்ச பணம் இப்படித்தான் போச்சு. பட்டன் ஃபோன்ல ஏபிகே ஏறவே ஏறாது. ஆனா ஃபோன் பண்ணி ஓடிபி கேட்டு நாமளே சொல்லிட்டா எந்த ஃபோனும் காப்பாத்தாது, அம்மாகிட்டயும் இத சொல்லி வைங்க. பணம் போயிட்டா உடனே சைபர் கிரைம் நம்பர் 1930க்கு அடிக்கணும்.

முதுநகர்வாசி:
ரொம்ப நன்றிண்ணே, ரொம்ப நன்றிக்கா. சால்வென்ட் விஷயம் எனக்கு யாருமே சொன்னதில்ல, கேன்டீன்லயே வெச்சுடறேன். ஒரு டவுட், ஏர்டெல்ல எடுத்து பட்டன் ஃபோன்ல போட்டுட்டா ஜிபே என்ன ஆவும்? டெய்லி டீக்கடை, பெட்ரோல் எல்லாம் அதுலதான்.

வில்லியனூர் அக்கா:
அது கொஞ்சம் சிக்கல்தான். யூபிஐ ஆப் வெரிஃபை பண்றப்ப அந்த சிம்லேர்ந்தே ஒரு மெசேஜ் போவும், அதனால சிம் அதே ஃபோன்ல இருக்கணும், எடுத்துட்டா திரும்பத் திரும்ப வெரிஃபை கேக்கும். நான் என்ன பண்ணேன்னா சின்னதா இன்னொரு அக்கவுண்ட் ஆரம்பிச்சு, அதுக்கு ஸ்மார்ட்ஃபோன்ல இருக்கற நம்பர குடுத்து, யூபிஐய அதுல மட்டும் வெச்சிருக்கேன். வாரச்செலவுக்குத் தேவையானதுதான் அதுல இருக்கும். சம்பளம், டெபாசிட் இருக்கற அக்கவுண்ட்டோட நம்பர் பட்டன் ஃபோன்ல தனியா கெடக்கு. பட்டன் ஃபோன்லயே யூபிஐ 123பேன்னு ஒண்ணு 2022லேர்ந்து இருக்கு, நெட் இல்லாம பணம் அனுப்பலாம், ஆனா டீக்கடைல நின்னு பண்ற அளவுக்கு வேகம் இல்ல.

ரீசார்ஜ் மறந்துடாதீங்க. டெலிகாம் கம்பெனிங்கள கண்காணிக்கற டிராய் சொன்னப்புறம் 2025 ஜனவரிலேர்ந்து நெட் இல்லாம கால், மெசேஜ் மட்டும் பிளான் போட்டிருக்காங்க, 84 நாளுக்கும் இருக்கு, வருஷத்துக்கும் இருக்கு. அதுதான் இதுக்கு சரி. 90 நாள் தொடர்ந்து ஒண்ணுமே யூஸ் பண்ணாம பேலன்ஸும் இல்லாம கெடந்தா நம்பரயே எடுத்துடலாம், பேங்க் நம்பர் இன்னொருத்தர் கைக்குப் போயிடும்.

தேவனாம்பட்டினம் போட்:
புயல் மேட்டர் யாரும் சொல்லலயே. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 ராத்திரி பாண்டி பக்கம் கரைய கடந்துச்சு, அடுத்து சாத்தனூர் தண்ணி தென்பெண்ணைல வந்து நம்ம பக்கம் ஏரியா ஏரியாவா நின்னுச்சு, கரண்ட் எப்ப வரும்னு தெரியாது. தானே புயல் அப்ப 2011ல இதவிட மோசம், போஸ்ட் மரமே வரிசையா சாஞ்சு கெடந்துச்சு. பட்டன் ஃபோன் சார்ஜ் நிக்கும், அது உண்மதான். ஆனா டவர்லயும் பேட்டரிதான், டீசல்தான், அது தீந்தா நம்ம ஃபோன்ல ஃபுல் சார்ஜ் இருந்தும் புண்ணியம் இல்ல. அதனால ரெண்டு ஃபோன்லயும் ஒரே கம்பெனி சிம் போடாதீங்க, ஒண்ணு படுத்தா இன்னொண்ணு நிக்கும். டார்ச், எஃப்எம் ரெண்டும் இருக்கறதா பாருங்க, டவர் போனாலும் நியூஸ் ரேடியோல வரும், ஹெட்போன் ஒயரு ஒண்ணு கூடவே வைங்க, நெறைய ஃபோன்ல அதுதான் ஏரியல்.

நெல்லித்தோப்பு செல் சர்வீஸ்:
போட் அண்ணன் சொன்னது சரி. முதுநகர் தம்பி, இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு. உங்க சிம் நேனோவா இருக்கும், பட்டன் ஃபோன் சிலதுல பெரிய ஸ்லாட், அடாப்டர் போட்டு ஏத்துவீங்க. அப்படியே இழுத்தா அடாப்டரோட உள் ஓரம் சிம் பின்னுல மாட்டி பின்னு மடங்கிடும், அப்புறம் போர்டு வேல. பின்னாடி பக்கம் சின்ன செலோடேப் ஒட்டி சிம்ம அசையாம வெச்சுட்டு ஏத்துங்க. அப்புறம் நம்ம ஊரு உப்புக்காத்து, முதுநகர்ல கேக்கவே வேணாம், பேட்டரி தொடற எடத்துல பச்சையா பூத்துடும், ஃபோன் தானா ஆஃப் ஆவும், ஜனங்க பேட்டரி போச்சுன்னு புதுசு வாங்கறாங்க. பென்சில் ரப்பரால ஃபோன் பக்கம் இருக்கற மூணு பின்னையும் பேட்டரி தகட்டையும் மெதுவா தேய்ச்சுட்டு போட்டுப் பாருங்க, முக்கால்வாசி அதுலயே சரியாயிடும்.