துணி மாற்றும்போது ஒரு கால் மட்டும் விரியவில்லை

பகோ அம்மா:
மகளுக்கு மூன்றரை மாதம். முதல் குழந்தை, வயிற்றில் தலை மேலாக இருந்ததால் ஆபரேஷன். துணி மாற்றும்போது வலது கால் தவளை மாதிரி விரிகிறது, இடது பாதியிலேயே நின்றுவிடுகிறது. தொடை மடிப்பும் இடதில் ஒன்று கூடுதல். அழுவதில்லை. எண்ணெய் போட்டு நீவினால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?

ரங்கூன்வாசி:
வேண்டாம் தங்கச்சி. மடிப்பு வித்தியாசம் நல்ல குழந்தைகளுக்கும் இருக்கும். கால் விரியாததுதான் விஷயம். பெண் குழந்தை, தலை மேலாக இருந்தது, இரண்டும் சேர்ந்தால் இடுப்பு மூட்டு விலகியிருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். வலி இருக்காது, அதில்தான் நான் ஏமாந்தேன். என் மகள் 14 மாதத்தில் வாத்து மாதிரி ஆடி ஆடி நடந்தாள். எல்லாரும் ரசித்தோம்! அதற்குள், மூட்டு பொருந்தி நிற்க காலை மடக்கி விரித்துப் பிடிக்கும் பெல்ட் போடும் வயது போய்விட்டது. மயக்கம் கொடுத்து மூட்டைப் பொருத்தி, இடுப்பிலிருந்து மாவுக்கட்டு. தண்ணீர்த் திருவிழாவில் தெருவே நனைந்தபோது, கட்டு நனையாமல் அவளை விசிறிக்கொண்டு நான் உள்ளே.

மோல்மேன் அக்கா:
இந்த வயதில் அல்ட்ராசவுண்ட் கேளுங்கள். தொடை எலும்பின் தலை இன்னும் குருத்தெலும்புதான், எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. ஆறு மாதத்துக்குள் என்றால் பெரும்பாலும் அந்த பெல்ட் (பாவ்லிக் என்பார்கள்) போதும். காலை நீட்டி இழுத்து நீவாதீர்கள். கைலியில் இறுக்கிச் சுற்றவும் வேண்டாம். நம் ஊர் வழக்கப்படி இடுப்பில் கால் அகட்டி உட்கார வைக்கலாம், அது நல்லது.

பகோ அம்மா:
சரி அக்கா. திங்கட்கிழமை போகிறோம். மாமியாரும் வருகிறாராம், எண்ணெய்க் குப்பி இல்லாமல்.